பிரெபென் மான் தேடிய ஞாயிறு

பிரெபென் போய்விட்டார்.

காலையில் அவருடைய மகள் மெசேஜ் போட்டிருந்தாள். வேலைக்குப் போகிற பஸ்ஸில் வாசித்தேன்... இறங்கவேண்டிய இடத்தை விட்டு அடுத்த தரிப்பில் இறங்கி நடந்தேன்.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. ஹோர்சன்ஸில் போத்தல் மூடி செய்கிற ஃபக்டரியில் பதினொரு வருடம் எனக்குப் பக்கத்து மெஷினில் நின்ற டெனிஷ்காரர். கதை குறைவு. காலையில் ஒரு "மோர்ன்", போகும்போது ஒரு "ஹை ஹை". இடையில் ஒன்றுமில்லை.

மே மாதம் வந்தால் மட்டும் ஆள் வேறு. ஆண் மான் சீசன் திறக்கும். துவக்கு இல்லை, வில்லும் அம்பும்தான். தட்டினால் குடை மாதிரி விரிகிற சின்னக் கூடாரம் ஒன்று வைத்திருந்தார். அதைக் காட்டோரத்தில் விரித்து, உள்ளே ஸ்டூல் போட்டு, துணி ஜன்னலால் பார்த்தபடி மணிக்கணக்காக அசையாமல் இருப்பார். மான் இருபது மீட்டருக்குள் வந்தால்தான் அம்பு விடுவார்.

2009 மே. என் பெரியண்ணை வன்னிக்குள். கடைசியாகக் கதைத்து ஆறு கிழமை ஆகியிருந்தது.

காண்கிற சனமெல்லாம் ஏதும் நியூஸ் வந்ததா என்று கேட்கும். கேட்டால் எரிச்சல், கேட்காவிட்டால் கோபம். யுத்தத்தை நிறுத்தச் சொல்லிக் கொப்பன்ஹேகனில் நடந்த ஊர்வலத்துக்குப் போய், திரும்பி வந்து, நேரே ஷிஃப்டில் நின்று... நித்திரை என்றால் என்னவென்றே மறந்து போச்சு.

பிரெபென் ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிறு தன்னோடு வந்து கூடாரத்துக்குள் இருக்கச் சொன்னார். அங்கே யாரும் கதைக்கக்கூடாது, அது உனக்கு நல்லது என்றார்.

அதற்கு முதல் என் ஜக்கெட்டை வாங்கிக்கொண்டு போய்த் தன் கார் கொட்டிலில் தொங்கவிட்டார். எங்கள் வீட்டுக் கறித்தூள் வாசம் யூலண்ட் பக்கத்து மான் எல்லாத்துக்கும் அடிக்குமாம். வாசனைச் சவர்க்காரம் வேண்டாம், திருநீறும் வேண்டாம் என்றார். நான் மதம் மாறப்போகிறேனோ என்று மனைவிக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

ஃபோனையும் காருக்குள் விட்டு வரச் சொன்னார். ஓம் என்று தலையாட்டிவிட்டுச் சப்பாத்துக்குள் ஒளித்துக்கொண்டு போனேன். அண்ணை எடுத்தால்?

விடிந்து கொஞ்ச நேரத்தில் மான் வந்தது. பிரெபென் வில்லை இழுத்தார். அம்பை விடுகிற அந்தக் கணத்தில் என் சப்பாத்துக்குள் ஃபோன் அதிர்ந்தது. ஸ்டூலின் இரும்புக் காலில் பட்டுக் கடகடவென்று சத்தம்.

மான் துள்ளியது. அம்பு நெஞ்சில் படவேண்டியது, வயிற்றில் பட்டது. அப்படியே ஓடி மறைந்துவிட்டது.

பிரெபென் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏசவில்லை. எடுத்துக் கதை என்று கையால் காட்டினார்.

மனைவி. "எல்லாம் முடிஞ்சுதாம்" என்றாள்.

காயப்பட்ட மானை உடனே துரத்தக்கூடாதாம். துரத்தினால் இன்னும் தூரம் ஓடிக் கஷ்டப்படுமாம். அதனால் காத்திருந்தோம். அந்தச் சின்னக் கூடாரத்துக்குள், யுத்தம் முடிந்துவிட்டது என்ற செய்தியோடு, ஒரு டெனிஷ்காரருக்குப் பக்கத்தில் நான்... அழுகையும் வரவில்லை. அலுப்பு மட்டும்தான்.

மத்தியானம் மணம் பிடிக்கிற நாயோடு ஒருவர் வந்தார். இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். கூப்பிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் வருவார்கள். காசு வாங்கமாட்டார்கள்.

நாலு மணித்தியாலம் தேடினோம். எனக்கு நடக்க ஏலாமல் போய்விட்டது. விடுங்கோ, செத்திருக்கும், வீட்ட போவம் என்றேன்.

பிரெபென் சொன்னது டெனிஷில். எனக்குக் கேட்டது இப்படித்தான்:

"காணாமல் வீட்ட போறேல்லை. அடிச்சவன் தேடவேணும்."

மஞ்சளாய்ப் பூத்துக் கிடந்த ராப்ஸ் கடுகு வயலுக்குள் மான் கிடந்தது. உயிர் இல்லை. பிரெபென் ஒரு சின்னக் கொப்பை முறித்து அதன் வாயில் வைத்தார். கடைசி உணவாம். வேட்டைக்காரரின் வழக்கம்.

வாய்க்கரிசி.

வயலுக்குள் அப்படியே குந்திவிட்டேன். "ஒரு மானுக்கு நாய் வருது, ஆள் வருது. என்ரை அண்ணையை ஆர் தேடுறது?" என்று பிரெபெனைப் பார்த்துக் கத்தினேன். பாதி தமிழ், பாதி டெனிஷ்.

பிரெபென் பக்கத்தில் குந்தினார். அண்ணையின் பெயர் என்ன என்று மட்டும் கேட்டார். தவராசா என்றேன். அவர் வாயில் அது "தவா" என்றுதான் வந்தது.

அண்ணை எந்த அகதிக் காம்பிலும் இல்லை. எந்த லிஸ்டிலும் இல்லை.

மூன்று வருடத்துக்குப் பிறகு கனடாத் தங்கச்சி ஐயரைக் கேட்டு, செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியையை அண்ணைக்குச் செய்துவிட்டாள். அவளிலும் பிழை இல்லை. எத்தனை நாளைக்குத்தான்... அதோடு எல்லோரும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். என் பிள்ளைகளும்கூட.

பிரெபென் நிறுத்தவில்லை. பென்ஷன் எடுத்து வீட்டில் இருந்த காலத்திலும் ஒவ்வொரு மே மாதமும் ஃபோன் எடுத்துக் கேட்பார். "தவாவைக் கண்டுபிடிச்சாச்சோ?" இன்னும் இல்லை என்பேன். "சரி" என்பார். பிறகு மழையைப் பற்றிக் கொஞ்சம்.

போன வருடம் குரல் நல்லாய் மெலிந்திருந்தது. அப்போதும் முதல் கேள்வி அதுதான்.

சனிக்கிழமை அவருடைய ஊர்த் தேவாலயத்தில் அடக்கம். நான் போகிறேன். பழைய ஃபக்டரி ஆட்கள் யாரும் வருவதென்றால் உள்பெட்டியில் சொல்லுங்கோ, காரில் இடம் இருக்கு.

மே வர இன்னும் மூன்று கிழமை. கேட்க ஆள் இல்லை... அதனால் இப்பவே சொல்லிவிடுகிறேன்.

இன்னும் காணேல்லை, பிரெபென். நீங்கள் படுங்கோ.