பாதியில் எழுந்து போகிறவர்

யுத்த காலத்தில் மதுரையில் ஒரு சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். மத்தியான ஆட்டத்துக்கு இங்கிலீஷ் படம் போடுவார்கள். படம் மாறும் வாரமெல்லாம் ஒருவர் வருவார். அம்மைத் தழும்பு முகம். கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு. கூட யாரும் வந்து பார்த்ததில்லை.

வாசலில் என்னிடம், "அவரு இருக்காரா?" என்று கேட்பார். அவர் என்றால் ஓர் அமெரிக்க நடிகர். கதாநாயகன் இல்லை. ஒரு படத்தில் நீதிபதி, இன்னொன்றில் குடிகாரன், மற்றொன்றில் பாதிரியார். தாடியும் குரலும் மாறினாலும் இவர் கண்டுபிடித்துவிடுவார். அந்த நடிகரின் பெயர் எங்கள் இருவருக்குமே தெரியாது. நடிகர் வரும் கட்டங்கள் முடிந்ததும் இவரும் எழுந்து போய்விடுவார்.

ஒருநாள், "இருக்காருண்ணே. ஆனா இடைவேளைக்கு முன்னாடியே செத்துருவாரு" என்றேன்.

"சாகட்டும். இருக்கிற வரைக்கும் பாத்துட்டு வாரேன்."

இடைவேளையில் அவர் வெளியே வரவில்லை. ஆட்டம் விட்டுக் கூட்டமெல்லாம் போன பிறகுதான் வந்தார்.

"என்னண்ணே, இன்னைக்குப் படம் பிடிச்சுப்போச்சா?"

"படம் கெடக்கு. அவரு சாகையில பக்கத்துல ஒரு ஆளு இல்லப்பா. உடனே எந்திரிச்சு வர மனசு வரல."

சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனார்.

அந்தப் படத்தை அதற்குமுன் நாலைந்து தடவை வாசலில் நின்றே பார்த்திருக்கிறேன். அந்த நடிகர் தனியாகச் சாவது என் கண்ணில் பட்டதே இல்லை. மறுநாள் அந்தக் கட்டம் வந்தபோது வாசலை விட்டுவிட்டு உள்ளே போய், அது முடிகிறவரை நின்றேன்.