அரைத்த சாப்பாடும் தேய்ந்த தாடையும்

முதியோர் இல்லக் குசினியில் சமையல் வேலை செய்தால் முழங்கால்தான் முதலில் போகும் என்று பயமுறுத்தினார்கள். எனக்குப் போனது தாடை மூட்டு. கொட்டாவி வந்தாலே பயப்படுகிற என் கூட்டாளிகளே, இது உங்களுக்காக.

கறுப்புப் பாண்

டென்மார்க்கில், ஹோர்சன்ஸில் எங்கள் குசினியில் மத்தியானம் எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிடுவோம். ஒருநாள் இந்த ஊரின் கெட்டி ரொட்டியான கறுப்புப் பாணைக் கடித்தபோது காதடியில் 'டொக்' என்றது. வாய் பாதியில் நின்றுவிட்டது. கையால் தாங்கிப் பிடித்து மெல்ல மெல்ல மூடினேன். எதிரே இருந்த, என்னோடு வேலை செய்கிற மெட்டே தன் பாணைக் கீழே வைத்தாள். "அந்தச் சத்தம் எனக்கே கேட்டது."

பல்லுக் கவசம்

படம் எடுத்துப் பார்த்த பல் டொக்டர், மூட்டு தேய்ந்துவிட்டது, தேய்ந்தது திரும்ப வளராது, நோவைக் குறைக்கலாம் என்றார். மென்மையான சாப்பாடு, சூட்டு ஒத்தடம், நோவுக்கு விழுங்கக் குளிசை, தாடைக்குச் சின்னச் சின்னப் பயிற்சி, படுக்கும்போது பல்லில் மாட்ட ஒரு பிளாஸ்டிக் கவசம்.

பழகட்டும் என்று பின்னேரமே அதை மாட்டிக்கொண்டிருந்தபோது மகளிடமிருந்து போன் வந்தது. நான் சொன்ன ஒரு சொல்லும் அவளுக்கு விளங்கவில்லை. எப்போதும் டேனிஷிலேயே கதைக்கிறவள், திடீரென்று தமிழுக்கு மாறினாள். "அம்மா, அழுறீங்களா?"

ஊசி

கவசத்துக்கும் பயிற்சிக்கும் நோ அடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் மூட்டுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். சில மாதம் நிம்மதி, பிறகு பழையபடி. மூட்டுக்குள் ஊசியால் தண்ணி விட்டுக் கழுவிப் பார்க்கலாம் என்றார் டொக்டர். மூட்டையே மாற்றுகிற ஒப்பரேசனும் இருக்கிறதாம். "அதையே செய்துவிடுங்கோவன்" என்று கேட்டேன். அவர் கொம்பியூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பினார். "அது கடைசிக்கு. நீங்கள் இப்பவும் சாப்பிடுகிறீர்கள்தானே?"

இங்கர்

இப்போது இல்லத்தவர்களுக்கு அரைக்கிறதைத்தான் நானும் சாப்பிடுகிறேன். அங்கே இருக்கிற இங்கருக்கும் இதே தாடை வருத்தம். தொண்ணூறைத் தாண்டியவர், ஒப்பரேசன் தாங்கமாட்டார் என்று விட்டுவிட்டார்கள். கொஞ்ச நாளாகத் தட்டைத் தொடாமலே தள்ளிக்கொண்டிருந்தார். என் தட்டோடு போய்ப் பக்கத்தில் இருந்தேன். இரண்டிலும் ஒரே சாம்பல் நிறக் களி. "இது என்ன?" என்றார். கோழி, கரட், பட்டாணி என்றேன். நம்பவில்லை.

மறுநாள் அரைக்கிறதுக்கு முன்னமே தட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். பொரித்த கோழி, செம்மஞ்சள் கரட், பச்சைப் பட்டாணி. கனநேரம் பார்த்தார். கரட்டை விரலால் தொட்டார். "வடிவாயிருக்கு. சரி, இனிக் கொண்டுபோய் அரை."

இந்த வருத்தத்தில் வைத்தியத்துக்குக் குறைவில்லை, சுகத்துக்குத்தான் தட்டுப்பாடு.