தவமணி ரீச்சரின் நித்திரைக் கொப்பிகள்

தவமணி ரீச்சர் காலமான செய்தி நேற்றுக் காலை தொலைபேசியில் வந்தது. அதிலிருந்து ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. வாசலுக்கும் கிணற்றடிக்குமாக நடக்கிறேன். ஊற்றிய தேநீர் இரண்டு தரம் ஆறிப்போனது. அவரோடு படிப்பித்த உங்களிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

சுனாமிக்கு அடுத்த மாதம் பள்ளிக்கூடம் தொடங்கியபோது, பத்தாம் வகுப்பில் பாதிப் பேர் மேசையில் தலைவைத்துத் தூங்கினார்கள். கணக்குப் படிப்பித்த நான் சத்தம் போட்டேன். சுகாதாரம் படிப்பித்த ரீச்சர் ஆளுக்கொரு கொப்பி கொடுத்தார். படுத்த நேரம், எழும்பிய நேரம், இடையில் விழித்தால் அதற்குக் காரணம், எல்லாவற்றையும் தினமும் அவர்களே எழுத வேண்டும்.

முதல் வாரம் எல்லோரும் ஒன்பதுக்குப் படுத்து ஐந்துக்கு எழும்பியிருந்தார்கள். பாடப்புத்தகத்தில் எட்டு மணி நேரம் என்று இருந்ததால், குறைவாகத் தூங்கினால் புள்ளி குறையும் என்று பயந்துவிட்டார்கள். நான் சிரித்தேன். ரீச்சர் சிரிக்கவில்லை. கரும்பலகையில் தன்னுடையதை எழுதினார்: படுத்தது பத்து, கண்ணயர்ந்தது மூன்று, காரணம் பயம்.

"இதுக்குப் புள்ளி இல்ல புள்ளைகள். பொய் எழுதினா நான் எப்பிடி மருந்து சொல்லுற?" என்றார்.

பிறகுதான் உண்மை வந்தது. வாவிக்கரை முகாமில் இருந்த ஒரு பிள்ளை, பன்னிரண்டிலிருந்து மூன்று வரை விழிப்பு என்று எழுதியிருந்தாள். காரணம்: கடல் பார்க்கும் முறை என்னுடையது. முகாமில் முறைவைத்துக் கடலைக் காவல் காத்திருக்கிறார்கள். தாயை இழந்த குடும்பங்களில் அது பிள்ளைகள் தலையில் விழுந்திருந்தது.

"சேர், நமக்கு எப்பிடியும் நித்திரை வரப்போறதில்ல. அதுகள்ற முறைய நாம எடுப்பம்" என்றார் ரீச்சர். எடுத்தோம். சில கிழமைகளில் அந்தப் பிள்ளை 'விடியுமட்டும் நித்திரை' என்று எழுதினாள். ரீச்சர் அந்தப் பக்கத்தை விரித்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

பிறகு சண்டை திரும்பவும் மூண்டது. புது வகுப்புகளின் கொப்பிகளில் காரணங்கள் மாறின. நாய் குரைத்தது. கதவு தட்டினார்கள். அண்ணா வந்து போனார். இராணுவச் சுற்றிவளைப்பு நடந்த ஒரு காலையில் பள்ளிக்கு முதலில் போனவன் நான். இரவில் யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று சொல்லும் அந்தக் கொப்பிகள் யார் கையிலாவது கிடைத்தால் எத்தனை வீடுகள் அழியும்? பிரித்துப் பார்க்க அவகாசமில்லை. பழையதும் புதியதுமாக அலுமாரியில் இருந்த அத்தனையையும் எரித்தேன். கறையான் அரித்துவிட்டது என்று ரீச்சரிடம் சொன்னேன்.

வெறும் அலுமாரியைச் சாத்தினார். "புள்ளைகள் நித்திரை கொண்டாப் போதும் சேர். கொப்பி என்னத்துக்கு?" என்றார்.

எரித்ததற்கு நான் வருந்தவில்லை. இன்றென்றாலும் எரிப்பேன். அவரிடம் பொய் சொன்னதுதான் என்னைத் தின்கிறது. சண்டை முடிந்த பின்னும் உண்மையைச் சொல்ல எத்தனையோ நாள் கிடைத்தது, சொல்லவில்லை. எங்கே கண்டாலும், "சேர், இப்ப நித்திரை எப்பிடி?" என்றுதான் தொடங்குவார். "நல்லா வருது ரீச்சர்" என்பேன். அதுவும் பொய்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் கேள்வி ஒன்றுதான். கேட்டவர் போன பிறகு பதில் சொல்கிறேன்: இல்லை ரீச்சர், வருவதில்லை.