தவக்காலத்தில் விட்ட வெல்லம்

களமருதூர் செபாஸ்தியானுக்கு மூச்சிரைப்பு வந்ததற்குக் காரணம் வெல்லம். அதாவது, வெல்லம் தின்னாமல் விட்டது. அப்படித்தான் அவர் நம்பினார்.

கடலோரத்து ஆலை ஒன்றில் அவருக்கு வேலை. நிலக்கரியைக் காற்றுப் படாமல் சூளையில் வேகவைத்து, இரும்பு உருக்குகிறவர்களுக்குக் கோக் கரி எடுக்கும் இடம். சூளைக்கு மேலே நின்று மூடியைத் திறக்க வேண்டும், கரியைக் கொட்ட வேண்டும், மூட வேண்டும். மஞ்சள் புகை நேராக முகத்தில் அடிக்கும். ஷிப்டு முடிந்ததும் மேஸ்திரி ஆளுக்கொரு வெல்லக்கட்டி தருவார்; நெஞ்சில் படிந்த தூசியை அது இழுத்துக்கொண்டு போய்விடுமாம். மூக்குக்கு நல்ல கவசம் வாங்கித்தர வக்கில்லாத கம்பெனி வெல்லத்துக்கு மட்டும் குறை வைத்ததில்லை.

போன தவக்காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பில், மற்றவர்கள் ஆட்டுக்கறியை ஒதுக்க, இவர் ஆண்டவருக்காக வெல்லத்தை விட்டார். ஈஸ்டருக்குள் இருமல் பிடித்துக்கொண்டது. வேலையை விட்டு ஊருக்கு வந்தும் நிற்கவில்லை. சாமிக்கென்று செய்தது இப்படியா முடியும்? அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. விட்டதைப் பிடிக்கிற வேகத்தில் ஒன்றுக்கு இரண்டாக வெல்லம் தின்றார்.

கள்ளக்குறிச்சியில் டாக்டரம்மா நெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டு, பீடி சிகரெட் உண்டா என்று விசாரித்தார். இல்லை என்றதும் வேலையைப் பற்றிக் கேட்டார். வெல்லக் கதையையும் பொறுமையாகக் கேட்டார்.

“வெல்லம் வயித்துக்குப் போவுதுங்க. புகை நுரையீரலுக்குப் போவுது. ரெண்டும் வேற வேற வழி. நீங்க வெல்லம் சாப்ட்டுக்கினே இருந்திருந்தாலும் இது வந்திருக்கும்.”

பஸ்ஸில் முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. ஆண்டவர் மேல் தப்பில்லை. உளுந்தூர்பேட்டை நெருங்கும்போதுதான் வேறொன்று உறைத்தது. இப்போது அதே சூளைமேல் நிற்பவன் அவர் மகன் ஆல்பின். சேர்த்துவிட்டதும் அவர்தான், வெல்லத்தை மட்டும் விடாதே என்று சொல்லி அனுப்பியதும் அவர்தான். ஒருவேளை டாக்டரம்மா தப்பாகச் சொல்கிறாரோ? மேஸ்திரி வெல்லம் தின்று நன்றாகத்தானே இருக்கிறார்? ஆனால் மேஸ்திரி சூளைமேல் ஏறுவதே கிடையாதே. யோசிக்க யோசிக்கக் குழப்பம் கூடியதுதான் மிச்சம்.

வீட்டுக்கு வந்ததும் மகனுக்குப் போன் போட்டார்.

“ஆல்பினு, அந்த வேலை வாணாம்டா. வந்துடு.”

“இன்னாப்பா திடீர்னு? நான்தான் தெனம் வெல்லம் துன்றேனே.”

“வெல்லத்தால ஒண்ணும் ஆவாதாம்டா. டாக்டரம்மா சொல்றாங்க.”

ஆல்பின் சிரித்தான். “அவங்க சூளைமேல நின்னாங்களா? நீ நின்ன. நீ அன்னிக்கு சொன்னதத்தான்பா நான் கேப்பேன்.”