கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு டம்பரின்

அந்த டம்பரினை இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். நோர்பரியில் எங்கள் சபைக்குச் சொந்தக் கட்டடம் வந்த பிறகு, வாசலைக் கடந்ததும் முதலில் கண்ணில் படுவது அதுதான். வெள்ளைத் தோல், விளிம்பில் பித்தளைத் தகடுகள், பெருவிரல் பட்டுப் பட்டுக் கறுத்துப்போன ஓர் ஓரம். கீழே ‘துதியின் கருவி’ என்று ஓர் அட்டை. சபையைத் தொடங்கிய பாஸ்டருடையது அது. இளையவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். எனக்கோ அதைக் கண்டால் இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. போன கிழமை, ஆராதனை நடத்தும் பிள்ளைகளுக்கு ஊக்கமும் ஆலோசனையும் சொல்ல வாருங்கள், நீங்கள் பாஸ்டரிடமே பயின்றவர்தானே என்று என்னை அழைத்தார்கள். பயின்றேன்தான். என்ன பயின்றேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. வெள்ளைக்காரச் சபையொன்றின் மண்டபத்தை ஞாயிறு பின்னேரங்களில் வாடகைக்கு எடுத்திருந்தோம். அவர்கள் போகும்போது ஹீட்டரையும் அணைத்துவிட்டுப் போவார்கள். நாங்கள் கோட்டைக் கழற்றாமலே கர்த்தரைத் துதித்தோம். நான் ஸ்ட்ரெதமில் ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஊரில் கோயில் பாடகர் குழுவில் பாடியவள் என்று அறிந்ததும் பாஸ்டர் என்னை ஆராதனை நடத்த மேடையில் நிறுத்தினார். நடத்துகிறவர்களுக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் தம் வீட்டு முன்னறையில் வகுப்பு வைப்பார். சோபாவின் நடுவில் தாம் இருந்துகொண்டு, மடியில் அந்த டம்பரினை வைத்துக்கொண்டு அளப்பார். “சிஸ்டர், முகத்தைச் சிரிப்பாய் வையுங்கோ. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையிலை இடைவெளி விட்டால் சாத்தான் கதிரை போட்டு இருந்திடுவான். ஆரும் தலையைக் குனிஞ்சுகொண்டு இருந்தால், அவையைப் பார்த்து அல்லேலூயா எண்டு கத்துங்கோ.” மெதுவான பாட்டு எதையாவது எடுத்தால் போதும், டம்பரினை ஒரு தட்டுத் தட்டுவார். “இது செத்தவீடில்லை, ஆராதனை!” இதுதான் அவருடைய வேதம். மற்ற வேதத்தில் புலம்புவதற்கென்றே ஒரு புத்தகம் இருப்பதை அவர் மறந்துவிட்டார் போலும்.

மண்டபத்தில் இருந்தவர்களோ, பாதிப் பேர் ஊர்ச் சண்டைக்குத் தப்பி, சொந்தச் செத்தவீட்டுக்கும் போக முடியாமல் வந்தவர்கள். தகப்பன் செத்தால் தந்தி வரும், தமையன் காணாமல் போனால் அதுவும் வராது. கொள்ளி வைக்கவும் மண் போடவும் கொடுத்துவைக்காத சனம். அந்தச் சனத்தைப் பார்த்துச் சிரி, கைதட்டு, குதி என்று ஒருவர் மேடையில் நின்று கட்டளை போட்டார். நாங்களும் குதித்தோம். அவருடைய மனைவி முன்வரிசையில் இருந்து, வலிக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு முகத்தோடு கைதட்டிக்கொண்டிருப்பார். அவர் வாய் திறந்து பேசி நான் கேட்டது குறைவு.

நகரத்தின் மறுகோடியில் உள்ள பிளேஸ்டோவிலிருந்து ட்ரெயின் மாறி மாறி ஓர் அக்கா வருவார். ஒரு ஞாயிறு, தொடங்குவதற்கு முன் வாசலில் என் கையைப் பிடித்தார். கை குளிர்ந்திருந்தது. “நேற்று ஊரிலையிருந்து போன் வந்தது, தங்கச்சி. என்ரை மூத்தவன் இல்லையாம்.” அழவில்லை. “இண்டைக்கு ஒரு பாட்டு மெதுவாய்ப் பாடுவியே? ஊரிலை எங்கடை ஆக்களை அடக்கத்துக்குக் கொண்டுபோகேக்கை பாடுவினமே, அது.” பாஸ்டரிடம் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். தலையை ஆட்டினார். சம்மதம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது பாட்டாக அதை எடுத்தேன். முதல் அடியிலேயே மண்டபம் முழுவதும் தாழ்ந்த குரலில் சேர்ந்து பாடியது. அப்படியொரு சத்தத்தை அங்கே நான் கேட்டதில்லை. அக்கா மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து எனக்குப் பின்னால் ஜல்லென்றது. பாஸ்டர் டம்பரினைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார். ஜல், ஜல், ஜல். பாட்டைப் பிடித்துத் தள்ளுகிற வேகம். கைதட்டல் தொடங்கியது. பிள்ளையைப் பறிகொடுத்தவளின் ஒப்பாரிக்கு மனுசன் தாளம் போட்டார். நான் வாயை மூடினேன். “மரணமே, உன் கூர் எங்கே! சந்தோசமாய்ப் பாடுங்கோ!” என்று அவரே வேறொரு பாட்டை எடுத்துவிட்டார். அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். மைக்கைக் கீழே வைத்துவிட்டு நானும் போனேன்.

நோர்பரி ஸ்டேஷன் பிளாட்போமில் கிடந்த நீள மரவாங்கில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அங்கே அந்தப் பாட்டை முழுவதும், அவர் கேட்ட மாதிரியே மெதுவாகப் பாடினேன். அப்போதுதான் அவர் அழுதார். ட்ரெயின் வந்து நின்று போய்விட்டது, நாங்கள் அசையவில்லை. நான் நடத்திய ஆராதனைகளில் இதுதான் சரியானது என்று எனக்குத் தெரியும். அக்கா அதன் பிறகு எங்கள் சபைப் பக்கம் வரவேயில்லை.

அடுத்த சனிக்கிழமை பாஸ்டர் சொன்னார்: “சிஸ்டர் கொஞ்சக் காலம் கீழை இருந்து ஆராதிக்கட்டும்.” அந்தக் கொஞ்சக் காலம் அவர் சாகும்வரை நீண்டது. சபையை விட்டு நான் ஏன் போகவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. அது அவருடைய வீடா, நான் போவதற்கு? அவருக்கும் ஊரில் தம்பி ஒருவன் போய்விட்டானாம், அதைத் தாங்க முடியாமல்தான் அப்படியாம் என்று பின்னால் சொன்னார்கள். இருக்கட்டும். எங்கள் எல்லோருக்கும்தான் போயிருந்தார்கள். நாங்கள் எவருடைய அழுகையையும் பறிக்கவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் அவர் இறந்தார். அதே மண்டபம், முன்னால் சவப்பெட்டி. அவர் பழக்கிய இளைஞர் ஒருவர் ஆராதனை நடத்தினார். குருவுக்கு மரியாதை என்று நினைத்தாராக்கும், அதே டம்பரினைக் கையில் எடுத்துச் சிரித்த முகத்தோடு, “வெற்றிப் பாட்டுப் பாடுவம்!” என்று தொடங்கினார். ஜல், ஜல். சிலர் கைதட்டவும் தொடங்கினார்கள். முன்வரிசையில் பாஸ்டரின் மனைவி எழுந்தார். மெல்ல நடந்து போய், டம்பரின் தோலின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். சத்தம் செத்தது.

“தம்பி,” என்றார். “இது செத்தவீடு.”

பிறகு திரும்பி, கடைசி வரிசையில் இருந்த என்னைக் கண்ணால் தேடிப் பிடித்தார். “பிள்ளை, அண்டைக்கு உம்மைப் பாட விடேல்லை. நானும் கைதட்டிக்கொண்டு இருந்தன். இப்ப வந்து அதைப் பாடும். மெதுவாய்.”

போய்ப் பாடினேன். பாஸ்டருக்காக அல்ல. அந்த அம்மாவுக்காகவும், அங்கே இல்லாத பிளேஸ்டோ அக்காவுக்காகவும். பெட்டிக்குள் கிடந்தவருக்குக் கேட்டிருந்தால் நல்லது என்றும் நினைத்தேன். அதில் கிறிஸ்தவ அன்பு ஒன்றும் இல்லை.

வருகிற சனிக்கிழமை அந்தப் பிள்ளைகளிடம் போகப்போகிறேன். பாடத் தொடங்கும் முன், யார் கோட்டைக் கழற்றாமல் பையை மடியில் இறுக்கிக்கொண்டு இருக்கிறார்கள் என்று பாருங்கள் என்பேன். ஆலோசனை அவ்வளவுதான். ஊக்கத்துக்கு, அந்தக் கண்ணாடிப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, தோலில் ஒரு பெண் உள்ளங்கை வைத்த இடத்தைக் காட்டப்போகிறேன்.