மரியசூசை வழிவிட்டு நிற்கிறார்

கொடைக்கானல் ஏரிக்கரையில் வாடகை சைக்கிள் விட்டுக்கொண்டிருந்த மரியசூசை அண்ணனுக்குக் கிறுக்கு என்று ஊரில் பாதிப் பேர் சொன்னார்கள். மீதிப் பேர் சொல்லவில்லை, அவ்வளவுதான். காற்று வீசாத நாட்களில் அவரைப் போலத் தெளிவான ஆளைப் பார்க்க முடியாது. காற்று எழுந்துவிட்டால் மட்டும், ஆளே இல்லாத சாலையில் போய்க்கொண்டிருப்பவர் திடீரென்று இறங்கி, சைக்கிளை ஓரமாக இழுத்துக்கொண்டு நிற்பார். பின்னாலிருந்து யாரோ வருவது போலவும், அவர்கள் கடந்து போகட்டும் என்பது போலவும் நிற்பார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஏறிப் போவார். சுற்றுலா வந்த பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. ஏனென்றால் அவர் யாருக்கு வழிவிடுகிறார் என்று எனக்குத் தெரியும்.

எழுபத்து நாலாம் வருஷம். ஆவணி மாதத்தில் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு எங்கள் பங்குக் கோயிலிலிருந்து சைக்கிளில் ஒரு கூட்டம் கிளம்பும். மரியசூசை அண்ணன்தான் தலைவர். பூசை முடிந்ததும் காவி வேட்டியை மடித்துக் கட்டி, ஹேண்டில்பாரில் மாதா படம் கட்டி, எல்லோருக்கும் முன்னால் அவர் போவார். அவரை யாரும் முந்தக் கூடாது என்பது கூட்டத்தின் சட்டம். சாமியாரே வந்தாலும் பின்னால்தான் வர வேண்டும் என்பார். முந்தினவனை அடுத்த வருஷம் சேர்த்துக்கொள்ள மாட்டார். அதில் அவ்வளவு கறார்.

கடைசியில் வருவது அவருடைய மச்சினன் அடைக்கலம். ஒரு பள்ளிக்கூட விடுதிச் சமையல்கட்டில் வேலை. நல்ல வேடிக்கைக்காரன். அழுகிற வீட்டுக்குப் போனாலும் நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் வருவான், வாய் அப்படி. அண்ணனின் மனைவி கித்தேரியம்மாளுக்குக் கூடப் பிறந்தவன் அவன் ஒருவன்தான். தாய் தகப்பன் இல்லாமல் அக்காதான் வளர்த்தாள். கிளம்பும்போது கோயில் வாசலில் நின்று, "அவன் வெளாட்டுப் பயங்க. பாத்துக் கூட்டிட்டுப் போங்க" என்று புருஷனிடம் சொன்னாள். அவர், "ஒந்தம்பி என்ன பச்சப்புள்ளயா?" என்று சிரித்தார்.

மலைச் சாலையில் சைக்கிளை இறக்குவதற்கு எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெறும் பிரேக்கை நம்பினால் பாதி மலையிலேயே கட்டை தேய்ந்துவிடும். அதனால் ஒரு பெரிய வாட்டில் மரக் கொப்பை வெட்டி, கேரியரில் கயிறு போட்டுக் கட்டிவிடுவோம். அது இலையும் தழையுமாகத் தரையில் இழுபட்டு வரும். சைக்கிள் ஓடாது, நடக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் காடே கிளம்பி எங்கள் பின்னால் வருகிற மாதிரி இருக்கும்.

அன்றைக்குப் பெருமாள்மலை தாண்டியதுமே காற்று பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு காற்றை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. இறக்கத்தில் பெடல் மிதித்துப் போனவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நாங்கள் மிதித்தோம். எதிரே நின்று யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருந்தது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. திருப்பங்களில் காற்று பக்கவாட்டில் வந்து, பின்னால் கட்டியிருந்த கொப்பைப் பள்ளத்துப் பக்கம் இழுத்தது. கொப்போடு சைக்கிளும் போனது. எனக்கு முன்னால் போனவன் இரண்டு தடவை விழுந்தான்.

ஊத்து கிராமம் தாண்டியதும் அண்ணன் கையைத் தூக்கி எங்களை நிறுத்தினார்.

"கொப்ப அவுத்துருங்கலே. காத்தே நமக்குப் பிரேக்குதான்" என்றார்.

சரியாகத்தான் பட்டது. எல்லோரும் அவிழ்த்துப் பள்ளத்தில் போட்டோம். அடைக்கலம் தன் கொப்புக்குக் கும்பிடு போட்டு, "போயிட்டு வா தாயி" என்றான். எல்லோரும் சிரித்தோம்.

அடுத்தது பெரிய வளைவு. அதில் திரும்பியதும் ஒரு பாறைச் சுவர் மலை உயரத்துக்கு நின்று எதிர்க்காற்றை அப்படியே மறைத்துவிட்டது. கதவைச் சாத்தின மாதிரி காற்று நின்றுபோனது. அதுவரை எங்களைப் பிடித்துவைத்திருந்த கை விட்டுவிட்டது. சாலையோ அங்கேதான் செங்குத்தாக இறங்குகிறது. சைக்கிள்கள் பாய்ந்தன. பிரேக்கை நெரித்துப் பிடித்தோம். எங்கள் பிரேக்குகள் சொன்னபடி கேட்டன.

பின்னாலிருந்து மணிச் சத்தம் வந்தது. விடாமல் அடித்துக்கொண்டே அடைக்கலம் வந்தான். வேஷ்டி பறக்க, வாயைப் பெரிதாகத் திறந்துகொண்டு, ஒவ்வொருவராகத் தாண்டிப் போனான். அவன் அப்படிப்பட்ட ஆள் அல்லவா? பந்தயம் விடுகிறான் என்றுதான் நினைத்தோம். ரெண்டு பேர் விசில்கூட அடித்தார்கள். அண்ணனையும் தாண்டினான். இத்தனை வருஷத்தில் அவரை யாரும் தாண்டியதில்லை. சொந்த மச்சினனே சட்டத்தை மீறினான் என்ற கோபத்தில் அவர் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்.

"போய்த் தொலைலே!"

அடைக்கலம் ஒரு தடவை தலையைத் திருப்பிப் பார்த்தான். அப்புறம் அடுத்த திருப்பத்தில் காணவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கைப்பிடிக் கல் ஒன்று பெயர்ந்து கிடந்தது. கீழே இருந்து அவனைத் தூக்கி வந்தார்கள். சைக்கிளில் பிரேக் கட்டை தேய்ந்து வெறும் இரும்பாக இருந்தது. அவன் வாய் திறந்திருந்தது சிரிக்க அல்ல என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

கொப்பை அவிழ்க்கச் சொன்னது அண்ணன்தான் என்று ஊருக்கெல்லாம் தெரியும். அதை அவரே கோயிலில் வைத்துச் சொன்னார். காற்று அப்படி, யார்தான் என்ன செய்ய முடியும் என்று ஊர் அவரை விட்டுவிட்டது. கித்தேரியம்மாளும் ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. 'போய்த் தொலை' என்று கத்திய அந்த வார்த்தையை மட்டும் அவர் சொல்லவில்லை. கேட்ட நாங்களும் சொல்லவில்லை. பேசி வைத்துக்கொண்டெல்லாம் இல்லை. எப்படிச் சொல்வது?

அந்த வருஷமே அவர் காதில் சைக்கிள் மணி கேட்க ஆரம்பித்துவிட்டது. ஒரு நாள் நானும் அவரும் கோக்கர்ஸ் வாக் நடைபாதைப் பக்கம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனோம். காற்று கிளம்பியதும் சட்டென்று என் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"என்னண்ணே?"

"வழி கேக்குறான், பரமானந்தம். விடுலே, போகட்டும்."

எனக்கு மணி கேட்கவில்லை. ஆனால் நானும் ஓரமாக நின்றேன். அவர் தலை குனிந்து நின்றார். கடந்து போகிறவன் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. வேளாங்கண்ணிக் கூட்டமும் அதோடு நின்றுபோனது.

கித்தேரியம்மாள் வீட்டில் அவரை ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் கேட்பாளாம். "எந்தம்பி கடேசியா என்னங்க பேசுனான்?" அவர், "ஒண்ணும் பேசல" என்பாராம். அது உண்மைதான். நீங்கள் என்ன பேசினீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டுவிடுவாளோ என்ற பயத்திலேயே அந்த மனுஷன் இளைத்துப்போனார். சொல்லாமல் சாகக் கூடாது, சொன்னால் அவள் என்ன ஆவாள் என்று தெரியாது. இதுதான் அவரைத் தின்றது. பேய் பிடித்தது என்று மந்திரிக்கச் சொன்னவர்களும் உண்டு. மந்திரித்தால் போகிற பேயா அது?

எண்பத்து மூன்றில் நான் வத்தலக்குண்டுக்குக் காய்கறி வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். தம்பி விழுந்த இடத்தில் ஒரு மெழுகுவர்த்தி கொளுத்த வேண்டும் என்று கித்தேரியம்மாள் சொன்னாள். இருவரையும் வேனில் ஏற்றிக்கொண்டேன். அதே ஆவணி. அதே மாதிரிக் காற்று. ஊத்து வரைக்கும் வேன் கதவுகள் படபடவென்று அடித்துக்கொண்டே வந்தன. நடுவில் உட்கார்ந்திருந்த அண்ணன் திடீரென்று, "நிறுத்து, பரமானந்தம். பின்னால வாரான்" என்றார். நான் ஓரமாக நிறுத்தினேன். பின்னால் சாலை வெறிச்சென்று கிடந்தது.

"எதுக்குங்க அவனப் பாத்து இப்படிப் பயப்படுறீங்க?" என்று கேட்டாள் கித்தேரியம்மாள். "எந்தம்பி உங்கள என்ன செஞ்சான்?"

அவர் சொல்லிவிட்டார். அடைக்கலம் முந்தியதை, தான் கத்தியதை, அந்த வார்த்தையை. சொல்லி முடித்ததும் சின்னப் பிள்ளை மாதிரி விக்கினார். நான் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காற்று வேனை ஆட்டியது. கித்தேரியம்மாள் புருஷன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்தக் காத்துல அவனுக்கு எங்கிட்டுக் கேட்டிருக்கும்? நீங்க சொன்னது அவன் காதுல விழுந்தே இருக்காது. போங்க, பரமானந்தம்" என்றாள்.

எனக்கும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கின மாதிரிதான் இருந்தது. வண்டியை எடுத்தேன்.

பெரிய வளைவு திரும்பிப் பாறைச் சுவரை ஒட்டி நிறுத்தினேன். அவர் எந்த இடத்தில் கத்தினாரோ அங்கேயே முதலில் ஒன்று கொளுத்துகிறேன் என்று அவள் இறங்கினாள். மெழுகுவர்த்தியைக் கல்லில் ஊன்றி, அணைந்துவிடாமல் இருக்க முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டு தீக்குச்சியைக் கிழித்தாள். பற்றவைத்த பிறகு முந்தானையை மெல்ல எடுத்தாள்.

பாறைச் சுவரின் மறைவில் சுடர் ஆடவில்லை. நேராக நின்று எரிந்தது. தூரத்தில் ஏதோ ஒரு பறவை கத்துவதுகூடத் தெளிவாகக் கேட்டது.

கித்தேரியம்மாள் அந்தச் சுடரையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தாள். அண்ணன் வண்டியிலிருந்து இறங்கவில்லை.

"கேட்டிருக்கும்" என்றாள்.