கொம்பு ஊதினால் ஓடுவதா?

வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் நடந்தது இது. கொல்லிமலை அடிவாரத்தில், காரவள்ளிக்குச் சற்று மேலே, மலைக்கு ஏறும் ஒற்றையடிப் பாதையும் காட்டாறும் நெருங்கி வரும் இடத்தில் எங்கள் தோட்டம் இருந்தது. அப்போது மலைக்கு ரோடெல்லாம் கிடையாது. மிளகு மூட்டையும் பலாப்பழமும் தலைச்சுமையாக எங்கள் வாசலைத் தாண்டித்தான் சந்தைக்கு இறங்கும். எனக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை.

அந்தக் காட்டாறு பொல்லாதது. எங்கள் பக்கம் ஒரு சொட்டுத் தூறல் இருக்காது. மலைமேல் கொட்டிய மழை திடீரென்று வந்து முன்னால் நிற்கும். முந்தின வருடம் பட்டியோடு ஆடுகளை வாரிக்கொண்டு போய்விட்டது. அதனால் அந்த வருடம் புரட்டாசியிலேயே தாசில்தார் முகாம் வந்துவிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் வாயைத் திறந்தால் உத்தரவு! கீழே இருந்து மணியக்காரரையும் தலையாரியையும், மேலே திண்ணனூர் நாட்டிலிருந்து ஊர்க்கவுண்டரையும் கூப்பிட்டு உட்காரவைத்து, யார் யாருக்கு என்ன வேலை என்று பிரித்துக் கொடுத்தார். மலைக்கோயிலில் கொம்பு ஊதுகிறவர் மழை நாளில் பாறைமேல் உட்கார்ந்து ஆற்றைப் பார்க்க வேண்டும். தண்ணீர் ஏறினால் ஊத வேண்டும், பிறகு ஊதிக்கொண்டே கீழே சாவடிக்கு வர வேண்டும். தலையாரி தமுக்கு அடித்து வீடுகளைக் காலி செய்ய வேண்டும். ஜனங்கள் பிள்ளையார் கோயில் மேட்டுக்கு ஓட வேண்டும். அங்கே அரிசி, விறகெல்லாம் மணியக்காரர் பொறுப்பு. அவரவர் வேலையை அவரவரே எழுந்து நின்று திருப்பிச் சொல்லும்வரை தாசில்தார் விடவில்லை.

கடைசியில், "எங்கே, ஒரு தடவை ஊதிப் பார்க்கலாம்" என்றார்.

ஊர்க்கவுண்டர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "சும்மாங்காட்டி ஊதப்படாதுங்க சாமி. அது கோயில் கொம்புங்க" என்றார்.

தாசில்தாருக்கு முகம் சுருங்கியது. ஏன் ஊதக்கூடாது என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. தமுக்கை மட்டும் அடித்து ஒத்திகை பார்த்தோம். சட்டி பானையோடு ஊரே சிரித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடியது. என் வீட்டுக்காரர்தான் எல்லாருக்கும் முந்திப் போய் நின்றார்.

ஐப்பசி பிறந்ததும் அதே மனுஷர் வண்டி குடை சாய்ந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, அசையவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். வண்டியும் அச்சு முறிந்து வாசலில் கிடந்தது.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் களி கிண்டிக்கொண்டிருந்தேன். சுள்ளென்று வெயில். மலை உச்சி மட்டும் கருகருவென்று இருந்தது. திடீரென்று மேலே பாறையிலிருந்து கொம்புச் சத்தம். துடுப்பைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். கொஞ்ச நேரத்தில் கீழே தமுக்கும் கேட்டது. ஜனங்கள் மேட்டைப் பார்த்து ஓடுவது தூரத்தில் தெரிந்தது. நாங்கள் குடியிருந்த சாளையோ தோட்டத்து நடுவில் தனியாக இருந்தது. தலையாரி பாவம், ஆற்றோரக் குடிசைகளைக் காலி பண்ணுவதற்கே அவருக்குக் கை போதாது. தாசில்தார் பிரித்துக் கொடுத்த வேலைகளில், நடக்க முடியாதவரைத் தூக்குகிற வேலை யாருக்கும் இல்லை.

கட்டிலோடு இழுத்துப் பார்த்தேன். ஆள் நல்ல வாட்டசாட்டம். நிலைப்படிவரை வந்து கட்டில் மாட்டிக்கொண்டது.

"நீ போ புள்ள. ரெண்டு பேரும் சாவோணுமா?" என்றார் அவர்.

"வாய மூடுங்க" என்றேன். அழுகையும் ஆத்திரமுமாக வந்தது.

அப்போதுதான் கொம்புக்காரர் பாதையில் ஊதிக்கொண்டே இறங்கி வந்தார். ஒல்லியான மனிதர், வயசானவர். நான் ஓடிப் போய்க் கையைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். கட்டிலை ஒரு பக்கம் தூக்கிப் பார்த்தார். பிறகு வாசலுக்கு வந்து, மலையைப் பார்த்துத் திரும்பி நின்று, மறுபடியும் கொம்பை வாயில் வைத்து ஊத ஆரம்பித்துவிட்டார்!

எனக்கு வந்ததே கோபம். "ஏனுங்க, உங்களுக்குப் புத்தி கெட்டுப் போச்சா? இங்க நின்னு ஊதி என்னாவறதுங்க? ஒரு கை புடிங்க!" என்று கத்தினேன். அவர் ஒரு நிமிஷம் கொம்பை எடுத்துவிட்டு, "ஆளு வருவாங்க அம்மிணி, பொறு" என்றார். திரும்பவும் ஊதினார். ஆற்றுப் பக்கம் ஓவென்று ஒரு இரைச்சல் கிளம்பியிருந்தது. அந்த மனிதரை நான் திட்டாத திட்டு இல்லை.

நிஜமாகவே ஆட்கள் வந்தார்கள். மலைப்பாதையில் தடதடவென்று ஒரு கூட்டம் இறங்கியது. கையில் கொடுவாள், தோளில் கயிறு, மூங்கில் கழி. முன்னால் வந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "சாவு எந்த ஊட்டுலீங்க?" என்று கேட்டார்.

"சாவு இன்னும் ஆவுலீங்க. நீங்க தூக்குனா ஆவாது!" என்றேன்.

அதற்குமேல் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. நிலைப்படிப் பக்கத்துத் தட்டியைக் கொடுவாளால் வெட்டித் தள்ளினார்கள். கட்டிலுக்கு அடியில் கழிகளைக் கொடுத்துக் கட்டி, கட்டு வைத்த கால் அலுங்காமல் அவரைத் தோளில் ஏற்றினார்கள். கீழே மேட்டுக்குப் போகும் வழியில் அதற்குள் தண்ணீர் ஏறிவிட்டது. மேலே பாறைக்கே தூக்கிக்கொண்டு ஏறினார்கள். நான் பின்னாலேயே ஓடினேன். பாறையில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது, மரம் மட்டையெல்லாம் உருட்டிக்கொண்டு வந்த செந்தண்ணீரில் எங்கள் சாளை பொலபொலவென்று சரிந்தது. நான் ஓவென்று அழுதுவிட்டேன். சாளைக்காக இல்லை.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. மலையில் கொம்புச் சத்தம் கேட்டால் கேட்டவர்கள் அதை நோக்கிப் போக வேண்டுமாம். திருவிழாவோ சாவோ, அது என்னவென்று வந்துதான் தெரிந்துகொள்வார்கள். வந்தவர்கள் ஒன்றாகச் சாப்பிட்டுத்தான் கலைய வேண்டும். அதனால்தான் அன்றைக்கு ஊர்க்கவுண்டர் சும்மா ஊத விடவில்லை. அன்றைக்கும் பாறைமேல் சாமைச் சோறு பொங்கினார்கள். கீழே ஜனங்களை ஓடச் சொல்வதற்காக ஊதியது என்று கொம்புக்காரர் சொன்னதும், அவர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"கொம்பு ஊதுனா ஓடறதா? அதென்ன சாமி வழக்கம்!" என்று ஒருவர் கேட்டார். என் வீட்டுக்காரர் வலியிலும் சிரித்தார்.

தண்ணீர் வடிந்ததும் தாசில்தார் வந்தார். வெள்ளத்தைப் பார்த்து இறங்கி வந்ததற்காக மலைக்காரர்களை முதலில் சத்தம் போட்டார். "நீங்களும் போயிருந்தால் யார் பதில் சொல்வது?" என்றார். அதுவும் நியாயம்தான். பிறகு என் வீட்டுக்காரரின் கட்டிலைப் பார்த்தார். அதில் கட்டியிருந்த கழிகளைப் பார்த்தார். அடுத்த புரட்டாசியில் தலையாரி வீடு வீடாக வந்து, "படுத்த படுக்கையா ஆராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டு போனார். மலைப்பாதை ஓரத்து வீடுகளில் தூக்குகிற பொறுப்பு மலையாட்களுக்கு. தாசில்தார் உத்தரவு!

என் வீட்டுக்காரர் கால் விந்தி விந்தி, அதற்கப்புறம் நெடுங்காலம் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு வாழ்ந்தார். இப்போது ரேடியோவிலேயே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறார்கள், மேட்டுக்குப் போங்கள் என்று. நல்லதுதான், போகத்தான் வேண்டும். ஆனால் வெள்ளம் என்று காதில் விழுந்த உடனே, என் கால் முதலில் பக்கத்து வீட்டு வாசலுக்குத்தான் போகிறது.